அக்கரையில் நிற்கும் ஒரு சொல்

நீர்தான் செய்தீர். ஹோல்ம்விக் நகரத்தின் வாயைப் பொட்டலம் கட்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பியது அன்றைக்கு நகரத் தலைவராக இருந்த நீர்தான், வேறு ஒருவருமில்லை. பேனை உம்முடையது, கை உம்முடையது, அன்றைக்கு மேசையில் வெட்டிய கேக்கும் உம்முடைய அலுவலகம் வாங்கியது. படிக்காமல் கையெழுத்துப் போட்டீர் என்று சிலர் சொல்கிறார்கள், படித்துவிட்டுத்தான் போட்டீர் என்று சிலர் சொல்கிறார்கள், இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உம்முடைய பேரை நான் எழுதப் போவதில்லை. உம்முடைய மொழியில் நான் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் பதில் வராதபடியால் இதைத் தமிழில் எழுதுகிறேன். வாசித்துச் சொல்ல நீரே ஆளைப் பிடியும்.

நடந்தது இதுதான்.

வடகடலின் ஓரத்தில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் மாதிரி நீண்டு கிடக்கும் ஹோல்ம்விக்கில் மனிதர்களைவிடக் காற்று அதிகம். அந்தக் காற்று ஆட்கள் பேசுகிற பேச்சில் பாதியைத் தின்றுவிடும், ஏலக் கொட்டகையில் கத்திய விலை பாதி வழியில் கிழிந்துபோகும், தேவாலய வாசலில் நின்று மாப்பிள்ளை சொன்ன சம்மதம் பெண்ணின் தகப்பனுக்குக் கேட்காது, படகில் இருப்பவனைக் கரையில் இருப்பவன் கூப்பிடத் தொப்பியைக் கழற்றி வீச வேண்டும். மீன் தொழிற்சாலையில் குடல் எடுக்க வந்து அங்கேயே வேர்விட்டுப்போன நாங்கள் பதினாறு தமிழ்க் குடும்பங்கள், இந்தக் காற்றுக்கு மேலால் பேசிப் பேசிப் பழகியதில், தொலைபேசியில் சுகம் விசாரித்தால்கூட யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் "ஏன் சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்பார்கள். அந்தப் பதினாறில் ஒருவன் நான், கனகலிங்கம். உள்ளூர் ஆட்களுக்கு நாக்குச் சுளுக்குமென்பதால் காணா. ஆறு வருடம் குடல் எடுத்து, பிறகு துறைமுகத் தெருவில் மீனும் மரக்கறியும் விற்கும் கடை வைத்தேன். நான் படித்த பள்ளிக்கூடம் அந்த ஏலக் கொட்டகை, வாத்தியார் அங்கே என்னை ஏமாற்றிய ஒவ்வொருவனும். எதை வாங்கினாலும் அதற்கு மேலே ஏதாவது சும்மா வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்: இறால் பெட்டிக்கு மேலே ஒரு கைப்பிடி இறால், கார் வாங்கினால் கால்விரிப்பு, பல் பிடுங்கப் போனால் ஒரு பிரஷ்.

முதலில் போனவை கோப்புகள். பிறப்புப் பதிவு, கப்பல் வரும் நேரம், பள்ளிக்கூடப் புள்ளிகள், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் கடலுக்கு மேற்கே ஒரு கம்பெனியின் கணினிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஐரோப்பாவில் பெரிய பெரிய நகரங்களே அப்படித்தான் செய்தன, ஹோல்ம்விக் மட்டும் என்ன கொம்பா என்று நீரே கூட்டத்தில் கேட்டீர். நகரசபை நிலவறையில் இருந்த சொந்தக் கணினிகளைப் பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். பிறகு இரண்டாவது ஒப்பந்தம் வந்தது; அதில் 'நகரம் உண்டாக்கும் அனைத்தும்' என்று ஒரு வரி இருந்தது; நீர் கையெழுத்துப் போட்ட அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எங்களுடைய குரல்களும் கோப்புகள் போன வழியே போய், அக்கரையைத் தொட்டு, திரும்பி வரத் தொடங்கின.

ஏலம் கூறுகிற ஸோல்வெய் அன்றைக்கு வழக்கம்போல மரப்பெட்டியில் ஏறி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. வாயை மூடிவிட்டுக் கோப்பியைக் கையில் எடுத்தபோது மேற்குப் பக்கத்திலிருந்து அவளுடைய குரல் வந்து சேர்ந்தது, காற்றுப் படாமல், கழுவித் துடைத்த கோப்பை மாதிரி. அவள் தன்னுடைய குரலை முழுவதும் கேட்டாள், சரி என்பது போலத் தலையை ஆட்டினாள், கோப்பியைக் குடித்தாள், அடுத்த பெட்டிக்குப் போனாள். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றுதான் கேட்டார்கள். ஐஸ் தொழிற்சாலையில் நாற்பது வருடம் குளிரூட்டி பார்த்து ஓய்வு பெற்ற ஹால்வார் என்ற கிழவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சப்பாத்து என்றான். அன்றிலிருந்து ஹோல்ம்விக்கில் அதுவே அளவு. அலை அடித்த நாட்களில் இரண்டு சப்பாத்து.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்கு ஏற்ற மாதிரி உடம்பை வளைத்துக்கொண்டது. தாய்மார் பிள்ளை மதிலில் ஏறுமுன்னமே "இறங்கு" என்று சொல்லி வைத்தார்கள். பாதிரியார் வீட்டு வாசலில் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டு நடந்துபோய்த் தேவாலயத்தில் ஏறினார். பகிடி சொன்னவன் சொல்லிவிட்டுக் கதிரையில் வசதியாக உட்கார்ந்து காத்திருந்தான், சிரிப்பு வந்து சேர்ந்தபோது அதற்கு எழுந்து நின்று நன்றி சொன்னான். காற்று இனி ஒரு சொல்லையும் தின்னவில்லை என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். சொன்னதெல்லாம் அக்கரையில் பத்திரமாக இருந்தது, வேண்டுமென்றால் போன மாதம் சொன்னதையும் கூப்பிட்டுக் கேட்கலாம். குரலில் இருக்கும் இருமல், தும்மல், தொண்டைச் செருமல் எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துவிட்டே அனுப்பினார்கள், அதற்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. இரவெல்லாம் இருமும் ஹால்வாரோடு அவனுடைய மனைவி இருபது வருடத்துக்குப் பிறகு ஒரே அறையில் படுத்தாள்.

சண்டைக்கும் ஒரு வழக்கம் உண்டானது. கோபத்தில் விட்ட சொல் கடலில் இருக்கும்போதே, அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லை அனுப்பிவிடலாம். முதல் சொல் காதில் விழுந்து முகம் சுருங்குவதற்குள் இரண்டாவது வந்து விரித்துவிடும். புருஷன்மார் இதைச் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் எழுந்து, ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹோல்ம்விக்கில் குடும்பம் பிரிவது குறைந்துவிட்டது என்று புள்ளிவிவரத்தோடு பேசினார். அவருடைய மனைவி கைதட்டினாள். கைதட்டலும் ஒரு சப்பாத்து பிந்தித்தான் வந்தது.

எனக்கு மட்டும் அது சரிவரவில்லை. பேரம் என்பது எதிராளியின் வாய் மூடுமுன் போய் விழ வேண்டிய சொல். கடலைச் சுற்றிவந்து விழுந்தால் அது பேரமில்லை, கடிதம். அந்த வியாழக்கிழமை காலை, பத்தாவது பெட்டிக்கு நான் சொன்ன விலை பதினோராவது பெட்டியின் தலையில் போய் விழ, ஒருவருக்கும் வேண்டாத ஒரு பெட்டிச் சுறாவோடு கடைக்கு வந்தேன். என் மனைவி யோகமலர் கீரைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் குலுங்கி முடித்து நான் கையைக் கழுவி ஆறிப்போன பிறகு அந்தச் சிரிப்பு மேற்கிலிருந்து வந்து என் பிடரியில் விழுந்தது.

"போடி வெளியில!" என்றேன். "என்ர கடையில நிண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறவள் எனக்குத் தேவையில்லை, போ!"

சொல்லிவிட்டேன். சொல் கடலில் இருந்தது. அவள் ஒன்றும் அறியாமல் கீரைக்கு நார் சுற்றிக்கொண்டிருந்தாள், நெற்றியில் ஒரு முடி விழுந்து கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே எல்லாப் புருஷன்மாரும் செய்வது போல நானும் பின்னால் ஒரு சொல்லை அனுப்பினேன்.

"இல்லை மலர், போகாத. நீ போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

முதல் சொல் வந்து சேர்ந்தது. அவள் நார் சுற்றுவதை நிறுத்தினாள். இரண்டாவது வரவில்லை.

அதே நேரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், இரண்டு அரசாங்கங்களுக்குள் மீனுக்கோ தீவுக்கோ ஏதோ ஒரு தகராறு முற்றி, அங்கே ஒருவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட, எங்கள் கரையோரம் முழுவதற்கும் சேவை நின்றுபோனது. அந்தத் தாளில் ஹோல்ம்விக் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, என் மனைவி கையைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவி, வாசலைத் தாண்டிப் போனதுதான். நான் கத்தினேன். மீன் கரையில் வாயைத் திறப்பது போலத் திறந்து திறந்து மூடினேன். தெருவில் நின்ற எல்லோருமே அப்படித்தான் நின்றார்கள்.

ஒன்பது கிழமை ஊரில் மனிதக் குரல் இல்லை. கடற்காகம் கத்தியது, நாய் குரைத்தது, மணி அடித்தது. அவையெல்லாம் ஒப்பந்தத்தில் இல்லை. தாய்மார் குழந்தையின் காலுக்கும் தங்கள் மணிக்கட்டுக்கும் நடுவே நூல் கட்டிக்கொண்டு படுத்தார்கள். ஏலம் நின்றுவிடும் போலிருந்தது, அப்போது எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மாட்டுத் தரகர்கள் துண்டை மூடி அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நான் ஸோல்வெய்க்குச் செய்து காட்டினேன். மறுநாள் காலையில் இருபது மீன் வியாபாரிகள் ஒருவன் கையை ஒருவன் துவாய்க்குள் பிடித்துக்கொண்டு மிகவும் கூச்சத்தோடு நின்றார்கள், ஒரு கிழமை போனதும் கூச்சம் போய்விட்டது. பேச வேண்டியதை எழுதிக் காட்ட வாழைக்காய்ப் பெட்டியின் அட்டை ஊரில் தாளைவிட மதிப்புள்ள பொருளாகி, கடைக்கு வந்தவர்கள் வாழைக்காயை விட்டுவிட்டு அட்டையைக் கேட்டார்கள்.

யோகமலர், சலூன் வைத்திருக்கும் தவமணியின் வீட்டு மேல்மாடியில் இருந்தாள். நான் ஒரு அட்டையில் நடந்ததை எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்: போ என்றதற்குப் பின்னால் போகாதே என்றும் சொன்னேன், அது வந்து சேரவில்லை என்று, சொன்ன சொல்லை ஒரு எழுத்துக் குறையாமல். அவள் வாசித்தாள். என் பேனையை வாங்கி அடியில் எழுதினாள்: "கேக்கேல்லை." இன்னும் கொஞ்சம் யோசித்து அதற்கும் கீழே எழுதினாள்: "எழுத்து பிறகு வந்தது."

நீர் அந்த ஒன்பது கிழமையும் எங்கே இருந்தீர் என்று எல்லோருக்கும் தெரியும். தெற்கே ஏரிக்கரையில் புது வீடு, அங்கே குரல் இருந்தது.

ஐஸ் தொழிற்சாலையைச் சொன்னது ஹால்வார். ஊருக்கு மேலே மேட்டில் மூடிக் கிடந்த அந்தக் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் கரியால் எழுதினான்: "கோப்பு எங்கே குடியிருக்கிறதோ குரல் அங்கேதான் போகிறது. கோப்பு இங்கே குடியிருந்தால் குரல் இந்த மேடுவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பும். கணினிக்குக் குளிர் வேண்டும். குளிர் என்னிடம் இருக்கிறது." ஊர் வாசித்தது. ஒருவர் கரியை வாங்கி, "இவ்வளவு லேசா?" என்று எழுதினார். ஹால்வார், "லேசில்லை" என்று எழுதினான். பக்கத்து இரண்டு துறைமுக ஊர்களும் ஊமையாகவே கிடந்தபடியால் அவர்களும் சேர்ந்தார்கள். அலுமாரிகளிலிருந்த பழைய தாள்களிலிருந்தும், தாளில்லாததை ஞாபகத்திலிருந்தும், பிறந்தநாள் கப்பல்நாள் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார்கள். அந்த எழுத்தில் தவமணிக்கு நாலு வயது குறைந்தது, அதை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. கணினிகள் வாங்க ஆள் வேண்டும் என்றபோது மூன்று ஊரும் என்னைக் கை காட்டின.

தலைநகரத்தில் ஒரு வியாபாரி. கடைப் பலகையில் எங்கள் நாட்டுக் கொடி, கீழே 'முழுக்க முழுக்க நம்முடையது' என்ற எழுத்து. குரல் கிடைத்த ஊரில் காலை வைத்ததும் எனக்கு வெறி பிடித்தது. ஒன்பது கிழமைப் பேச்சையும் அவன் தலையில் கொட்டினேன். பாதி விலைக்கு இறக்கினேன். இறக்கிவிட்டு, என் புத்தி என்னை விடுமா, கேட்டேன்:

"சரி, மேலே சும்மா என்ன தருவீர்?"

"சும்மாவா?"

"முப்பது பெட்டி வாங்குகிறேன். வெறுங்கையோடு அனுப்புவீரா?"

அவன் தலையைச் சொறிந்து, லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தான். "ஐந்து வருடத்துக்குப் பாதுகாப்புப் பிரதி. நீங்கள் வைத்திருக்கிறதெல்லாம் இன்னொரு இடத்தில் தானாகவே ஒரு நகல் இருக்கும். மற்றவர்களுக்கு இதற்குத் தனி விலை, உமக்குச் சும்மா."

கையெழுத்துப் போட்டேன். வாசித்தேனா என்று கேளாதேயும்.

திறப்புவிழாவுக்கு மூன்று ஊரும் மேட்டில் ஏறி நின்றது. ஹால்வார் விசையை அழுத்தினான். ஸோல்வெய் வாயைத் திறந்து, "காலை வணக்கம்" என்றாள். எல்லோரும் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தது. பெண்கள் அழுதார்கள், பாதிரியார் பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்தார், ஆளுக்காள் கத்தத் தொடங்கினார்கள், கத்தியதெல்லாம் ஒரு சப்பாத்து கழித்துச் சுத்தமாக வந்து கொட்டியது. ஹால்வார் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இருமு இருமினான். காத்திருந்தான். இன்னொரு தரம் இருமினான். காத்திருந்தான்.

"காணா," என்ற அவனுடைய குரல் வந்தது. "என் இருமல் எங்கே?"

ஊர் அமைதியானது. இந்த முறை தானாக.

அவன் உள்ளே போய், பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டு, மேற்கே போகும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். நகல் இருக்கும் இன்னொரு இடம் எது என்று என் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: அதே கம்பெனி, அதே கரை, தகராறில் பேர் அடிபடாத வேறொரு வாசல். குரல் குறுக்குவழியை விட்டுவிட்டு நகல் இருக்கும் இடத்துக்கே போயிருந்தது, பழகின வழி.

"காணா சும்மா வாங்கியது," என்றான் ஒரு மீன்காரன்.

"சும்மா இரு," என்றாள் ஸோல்வெய். பெட்டியில் ஏறினாள். "கேளுங்கள். இதை இப்படியே விட்டால் பேசலாம். யாராவது அங்கே அடுத்த தாளில் கையெழுத்துப் போடும்வரைக்கும் பேசலாம். அது நாளையாகவும் இருக்கலாம், பத்து வருடமாகவும் இருக்கலாம். நிறுத்தினால் திரும்பவும் ஊமை, சரியாகக் கட்டி முடிக்கும்வரை. நிறுத்தச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள்."

ஒன்பது கிழமைக்குப் பிறகு வாயில் கிடைத்த குரல். கூட்டத்தின் அந்தக் கரையில் யோகமலர் நின்றாள், நாற்பது அடி, கூப்பிட்டால் கேட்கும். ஹால்வாரின் மனைவி இருமல் இல்லாத புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு முதலாவதாகக் கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக என்னுடையது எழுந்தது. ஹால்வார் விசையைத் தட்டிவிட்டான்.

மறுநாள் விடிய நான் தலைநகரத்துக்குப் போய் அந்த வியாபாரியின் கடைவாசலில் மூன்று நாள் நின்றேன். படிவத்தை ரத்துச் செய்யும் படிவம் அவனிடம் இல்லை என்றான், அப்படியானால் ஒன்றை உண்டாக்கும் என்றேன். கதவைச் சாத்தினான், கதவோடு கதைத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் என் கையெழுத்து இருந்த தாளை என் முன்னாலேயே கிழித்து, முழு விலையையும் கேட்டான். குறைக்கச் சொல்லாமல், மேலே ஒன்றும் கேட்காமல் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் காய்ச்சல்.

இன்னும் ஆறு கிழமை எடுத்தது. பள்ளிக்கூடக் கணித வாத்தியாரும் ஆஸ்பத்திரி மருந்தாளரும் பக்கத்து ஊர்ப் படகோட்டி ஒருத்தியும் இரவு பகலாக உட்கார்ந்து கம்பி கம்பியாகப் பார்த்தார்கள், மேற்கே போகும் எதையும் விடவில்லை. குரல் வந்தபோது கரகரத்து வந்தது. கட்டடத்தில் ஐம்பது வருடம் மீன் கிடந்தபடியால் ஒவ்வொரு சொல்லிலும் மீன் மணம். மழை நாளில் ஒரு வசனம் இரண்டு துண்டாக வந்து, கேட்டவன் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. காற்றுக்கும் அதன் பங்கு திரும்பக் கிடைத்தது. ஆனால் அரைச் சப்பாத்துக்குள் வந்தது. முதலில் வந்தது ஹால்வாரின் இருமல். அவனுடைய மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். பக்கத்துத் தெருவில் பேசியது மீன் மணக்கிறது என்று முறைப்பாடு செய்த இரண்டொருவரும் நாளடைவில் மணத்தை வைத்தே யார் பேசுகிறார்கள் என்று சொல்லப் பழகினார்கள்.

நான் முடி வெட்டப் போனேன். வெட்ட அவ்வளவு முடி என்னிடம் இல்லை என்பது தவமணிக்குத் தெரியும், ஆனாலும் துணியைக் கழுத்தில் கட்டினாள். யோகமலர் பின்னால் துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தெரிந்தாள்.

"மலர்," என்றேன்.

"சொல்லுங்கோ."

"அண்டைக்கு நான் ரெண்டாவதாச் சொன்னது, அட்டையில எழுதினனே, அதை வாயால சொல்லட்டே?"

"சொல்லுங்கோவன், கேப்பம்."

சொன்னேன். அரைச் சப்பாத்தில் போய், மேட்டைத் தொட்டு, மீன் மணத்தோடு வந்து அவள் காதில் விழுந்தது. அவள் துவாயின் மூலையை மூலையோடு பொருத்தி வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இது இண்டைக்குச் சொன்னது."

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னனான்! ஒரு சொல்லு மாறேல்லை!"

"அண்ணை, தலையை ஆட்டாதேங்கோ," என்றாள் தவமணி. "காது போயிடும். பிறகு அதையும் அக்கரையில போய்த்தான் தேடவேணும்."

"இஞ்ச பாருங்கோ," என்றாள் யோகமலர். கோபமில்லை அவளுக்கு, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "முப்பது வருசமா உங்களோட கடையில நிக்கிறன். ஆக்கள் படியால இறங்கினாப் பிறகுதான் நீங்கள் விலையைக் குறைக்கிறனீங்கள். நான் போவன் எண்டு தெரியாம, நான் கீரை கட்டிக்கொண்டு நிக்கேக்க அதைச் சொல்லியிருந்தால், அது சொல்லு. நான் படியால இறங்கினாப் பிறகு சொல்லுறது விலை. எனக்கு எது எண்டு தெரியவேணும்."

"அப்ப நான் பொய் சொல்லுறனெண்டு சொல்லுறியோ?"

"பொய்யெண்டு சொல்லேல்லை. கேக்கேல்லை எண்டு சொல்லுறன். அது அங்க கிடக்குதெண்டால் எடுத்துக் கேக்க விடுங்கோ. கேட்டால் வாறன். ஒரு சொல்லுத்தானே." மடித்த துவாய்களைத் தூக்கினாள். "அக்கா கனடாவில வந்து இருக்கச் சொல்லிக் கேக்கிறா. இருபத்தெட்டாம் திகதிக்கு டிக்கெட் போட்டிருக்கு. சும்மா உங்களுக்குச் சொல்லி வைக்கிறன்."

தவமணி கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளும். அந்தச் சொல் தொலையவில்லை. நான் எழுதிக் கேட்டேன், கம்பெனியிலிருந்து மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: ஹோல்ம்விக்கின் குரல்கள் கடைசி நிமிடம் வரைக்கும் ஒரு மூச்சுக் குறையாமல் தங்களிடம் பத்திரமாக இருக்கின்றன என்றும், ஆளுக்காள் வந்து கேட்டால் கொடுக்க முடியாது என்றும், ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவின்படி கையெழுத்திட்டவர் நேரில் கேட்டால் மொத்தமாகத் திருப்பித் தரப்படும் என்றும். புதிதாக வந்த நகரத் தலைவி கேட்டாள், அவள் கையெழுத்து அதில் இல்லை என்றார்கள். மூன்று ஊர் சேர்ந்து மனுப் போட்டது, ஊர்களின் கையெழுத்தும் இல்லை என்றார்கள். நீர் உயிரோடு இருக்கிறீர், நடக்கிறீர், ஏரியில் படகு விடுகிறீர், அந்தப் படகின் படத்தைத் தவமணி தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினாள்.

ஐஸ் தொழிற்சாலையை எங்கள் கையால் நிமிர்த்திவிட்டோம். இனிச் சொல்லப்போகிற ஒரு சொல்லும் கடல் தாண்டத் தேவையில்லை. ஏற்கனவே சொன்னதை நாங்கள் கட்ட முடியாது. அது அக்கரையில் குளிர் அறையில் நிற்கிறது, என்னுடையது மட்டுமில்லை, பிள்ளைகளின் முதல் சொல்லும் செத்தவர்களின் கடைசிச் சொல்லும் அங்கேதான் வரிசையில் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு, அந்தப் பூட்டில் உம்முடைய பேர்.

இன்றைக்குத் திகதி பத்தொன்பது. அங்கே போய்ச் சேர ஒரு நாள், வரிசையில் நிற்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். உமக்கு எஞ்சுகிற நாட்களில் படகு விடலாம். வருத்தம் தெரிவிக்க வேண்டாம், அறிக்கை விட வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எழும்பும். உம்முடைய காலால் போய், உம்முடைய வாயால் கேளும், போட்ட கையாலேயே திரும்பக் கையெழுத்துப் போடும். அவள் கடவுச்சீட்டை நீட்டுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து அவளுடைய காதில் விடும்.